கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்

என் தாயார் செங்கமலம் அறந்தாங்கிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நெல் அவித்துக் குத்தி விற்றுப் பிழைத்தவள். 1943 மாசியில் இறந்தாள். வயது ஐம்பத்தாறு.

முந்தைய பங்குனியில் தலை சுற்றுகிறது என்றாள். டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தக் கொதிப்பு, நூற்றுத் தொண்ணூறு. பெரிதாக மருந்து ஒன்றும் இல்லை, உப்பை நிறுத்த வேண்டும், சுமை தூக்கக் கூடாது, மத்தியானம் படுக்க வேண்டும் என்றார்.

எல்லாவற்றையும் நானே ஏற்பாடு செய்தேன். உப்பையும் ஊறுகாயையும் பெட்டியில் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். முக்கால் மைல் நடந்து ஊருணியிலிருந்து குடிதண்ணீர்க் குடம் சுமந்து வருவதை நிறுத்தினேன். கொல்லையில்தான் கிணறு இருக்கிறதே. அதுவரை குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே புழங்கிய கிணறு. திருச்சியில் தண்ணீர் சோதிப்பது என் உத்தியோகம். ஒரு சீசா எடுத்துப் போய்க் காலராக் கிருமி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை. குடிக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

“கரிக்குதுடா ரத்தினம்.”

“உப்பை நிறுத்துனா நாக்குக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும் ஆத்தா.”

“பெரிய படிப்புப் படிச்சவன்! ஒன் வாயில கொஞ்சம் ஊத்திப் பாரு.”

சிரித்தேன். ஊற்றிப் பார்க்கவில்லை.

மாதம் ஒரு முறை வந்து டாக்டரிடம் காட்டி அளவைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஐப்பசியில் இருநூற்றுப் பத்து. திரும்பும்போது வண்டியிலேயே கேட்டேன்.

“யார் வீட்டுல ஊறுகா வாங்கித் திங்கிற?”

“மாரியாத்தா சத்தியமா இல்லடா.”

“அப்ப அளவு பொய் சொல்லுதா?”

“நாந்தான் சொல்லுறேன்னு வச்சுக்க.”

நான் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை.’

மாசியில் வாய் கோணி விழுந்தாள். நான் வந்து சேர்ந்தபோது பேச்சு இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

கருமாதியன்று தாகத்துக்குக் கிணற்றில் இறைத்தேன். பக்கத்து வீட்டு ராக்காயி பதறிக்கொண்டு வந்தாள்.

“ஏங்க, அதையா குடிக்கப் போறீங்க? உவருங்க அது. பருப்புக்கூட வேகாது.”

“ஆத்தா குடிச்சுச்சே.”

“மூக்கைப் புடிச்சுக்கிட்டுல்ல குடிச்சுச்சு! ஊருணித் தண்ணி நான் கொண்டாந்து வச்சாலும் தொடாது. ‘எம் மவன் சோதிச்சுச் சொல்லியிருக்கான், சரியாத்தான் இருக்கும்’னு அங்கிட்டுத் தள்ளி வச்சிரும்.”

ஒரு வாய் குடித்தேன். முழுங்க முடியவில்லை.

திருச்சிக்கு ஒரு சீசா எடுத்துப் போனேன். சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டதும் தயிர்போல வெள்ளையாகத் திரண்டது; அத்தனை உப்பு. பங்குனியிலேயே செய்திருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. கணக்குப் போட்டேன். சோற்றிலும் கஞ்சியிலும் குடிநீரிலுமாக, நாளொன்றுக்கு அரைத் தோலா, ஒரு தேக்கரண்டி உப்பு. பதினொரு மாதம்.

கிணறு இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். இருக்கலாம். ஆனால் சத்தியம் செய்தவளை நான் நம்பவில்லை.

குறிப்பேட்டில் அந்த வரியை அடித்தேன். பங்குனித் தேதிக்கு நேரே அவள் சொன்னதை எழுதினேன்: ‘கரிக்குதுடா.’