எலிக்குக் கேட்ட மருந்து

எலியைப் பார்த்துத் தனக்குத்தானே வைத்தியம் செய்துகொண்ட முட்டாள் நெய்வேலியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போன மழைக்காலத்தில், எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில் தொடங்கியது அந்தக் கூத்து.

எனக்கு முடக்குவாதம். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. மாத்திரை புண்ணியத்தில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன. வெளியூரில் மருந்து ஆராய்ச்சி செய்யும் என் மகள் லீவுக்கு வந்திருந்தாள். எலியின் பாதத்தில் ஊசி போட்டு வேண்டுமென்றே மூட்டை வீங்கவைத்து, ஒரு கொடியிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது அவள் வேலை. “வீக்கம் நல்லா வத்திடுச்சுடி, காலை ஊனி நடக்குது!” என்று தோழியிடம் போனில் அவள் குதித்தது என் காதில் விழுந்தது.

அந்தக் கொடி எங்கள் வேலியிலேயே கிடந்தது. பெயரைச் சொல்லமாட்டேன், எனக்கொரு வாரிசு கிளம்பிவிடக் கூடாது. மகள் போனதும் மாத்திரையை நிறுத்தினேன். கொடியை மிக்ஸியில் அரைத்துக் காலையும் மாலையும் குடித்தேன். அவள் பட்டம் வாங்கும் நாளில், “மனுஷனுக்கும் கேட்டுடுச்சும்மா” என்று கையை நீட்டி அசத்தத் திட்டம். ஊசி போடாமலே வீங்கிய எலி என்று பெருமை வேறு.

விரல் மடங்க மறுத்தபோது, மருந்து உள்ளே வீக்கத்தோடு மல்லுக்கட்டுகிறது என்று நினைத்தேன். கேன்டீனில், கூட வேலை பார்க்கும், பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர், “என்னாய்யா, டம்ளர ரெண்டு கையால புடிச்சிகினு குடிக்கிற? இன்னும் பால்குடி மறக்கலியா?” என்றார். நானும் சிரித்தேன். பிறகு சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட வேண்டியதாயிற்று. கோடை வந்தபோது, ஷிஃப்டுக்குக் கிளம்பக் கட்டிலைவிட்டே எழ முடியவில்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், மாத்திரையை நிறுத்தியதில் வலது கை மூட்டுகள் அரித்துப்போய்விட்டன, இனி வீக்கம் வத்தினாலும் விரல் பழையபடி மடங்கி நிமிராது என்றார்.

விஷயம் தெரிந்து ஓடிவந்த மகள் திட்டவில்லை. என் கையை மடியில் வைத்துக்கொண்டு, “நான்தாம்ப்பா போன்ல உளறிட்டேன்” என்று அழுதாள். மூட்டு வலியே தேவலாம் போலிருந்தது.

அவளைச் சிரிக்கவைக்க ஒன்று கேட்டேன். வந்த பதில், இடது கையால் மாத்திரையைப் பிதுக்கியெடுக்கும் ஒவ்வொரு காலையிலும், இந்த மாத்திரைக்காக எத்தனை உயிர் வீங்கியதோ என்று இன்னமும் யோசிக்கவைக்கிறது.

“அந்த எலிங்களாவது சௌக்கியமா ஓடுதாம்மா?”

“மூட்ட அறுத்துப் பாக்கணும்ல, எல்லாத்தையும் கொன்னாச்சுப்பா.”