மெழுகுவத்தி பட்ட இருதயப் படம்

புதுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வந்து நிற்க ஆரம்பித்தனவே, அதற்கு அடுத்த வருஷம். அதுவரைக்கும் கப்பல் தூரத்தில் நிற்கும், தோணியில் சரக்குக் கொண்டுபோய் ஏற்றுவோம். இனி தோணிக்காரன் பிழைப்புப் போச்சு என்றார்கள். ஆனாலும் கொழும்புக்குத் தோணி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் அதில் பாய் இழுக்கிற ஆள்.

ஆடிக் காற்றுக்குத் தோணிகளைக் கட்டிப்போட்டிருந்த நாளில் ஒரு மத்தியானம் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் வயர் மாட்டி, இருதயத்தைப் படம் எடுத்தார்கள், ஈ.சி.ஜி. என்கிறார்களே அது. ஆர்மோனியப் பெட்டி மாதிரி ஒரு மிஷின், ரிப்பன் மாதிரி காகிதம். வயசான டாக்டர், "உள்ள பழைய தழும்பு ஒண்ணு கெடக்கு. பயமில்ல. புதுசா பாக்கவன் இப்பத்தான் வந்துச்சுன்னு நெனைப்பான். இந்தப் படத்தப் பத்திரமா வச்சிக்கிடும்" என்று காகிதத்தைக் கையில் கொடுத்தார். பிறகு அவர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார்.

காற்று அடங்கியது. தோணி முதலாளி என்னை ஏற்ற மாட்டேன் என்றார்.

"ஓய், நடுக்கடல்ல நீரு விழுந்தா நான் உம்மத் தூக்கவா, பாயத் தூக்கவா? டாக்டர் சீட்டு வாங்கிட்டு வாரும்."

தோணி ஏறாவிட்டால் வீட்டில் உலை கிடையாது. படத்தைத் தேடினேன். மாதா சுரூபத்துக்கு முன்னால், எரிகிற மெழுகுவத்தியை ஒட்டி இருந்தது. முழுக்கக் கறுப்பு.

"ஏளா, இது என்ன?"

"நெஞ்சுக் காகிதமாச்சே, வேற எங்கன வைக்க?" என்றாள் என் வீட்டுக்காரி.

"கறுத்துப் போச்சே."

"மாதா ஏத்துக்கிட்ட அடையாளமா இருக்கும்."

அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். புது டாக்டர் நாசரேத்துப் பக்கத்துப் பையன், மரியாதை தெரிந்தவர்.

"அண்ணாச்சி, இது என்னது?"

"என் இருதயம்."

அவர் சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தில் மெழுகு பூசியிருக்குமாம், சூடான ஊசிதான் அதில் கோடு போடுமாம், வேறு சூடு பட்டால் எல்லாம் கறுத்துவிடுமாம். புதுசாக ஒரு படம் எடுத்தார். முகம் மாறியது. என் பழைய ஃபைலைக் கேட்டார். சிஸ்டர் வாசித்தார்கள். காய்ச்சல் இருந்தது, சொத்தைப் பல் இருந்தது, சின்ன வயசில் நாய் கடித்ததுகூட இருந்தது. இருதயத்துக்கு ஒரே வரி: படம் எடுத்து நோயாளி வசம் கொடுக்கப்பட்டது.

"உள்ள ஒரு தழும்பு தெரியுது. இது புதுசா பழசான்னு நான் எப்படிச் சொல்ல?"

"பழசுதான். நான் சொல்லுதேன்லா."

"நீங்க சொல்லுதீங்க. படம் சொல்ல மாட்டேங்கு."

பெட்டில் போட்டுவிட்டார்கள். தினமும் காலையில் ஒரு படம். பக்கத்துப் பெட்டில் முத்தையாபுரத்து உப்பளக்காரர், எந்நேரமும் ஜன்னலிலேயே நிற்பார். ஒருநாள் திரும்பி, "உம்ம தோணி போகுது வே" என்றார். எழுந்து பார்த்தேன். பாயைக் கோணலாக ஏற்றியிருந்தார்கள்.

கடைசியில் டாக்டர் எல்லாப் படத்தையும் மேசையில் வரிசையாக விரித்தார். ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. "புதுசா இருந்தா இதுக்குள்ள மாறியிருக்கும். பழசுதான்" என்று சீட்டு எழுதினார். எழுதிவிட்டு, படங்களைச் சுருட்டி என்னிடமே நீட்டினார்.

"வேண்டாம் சார். எங்க வீட்ல பக்தி ஜாஸ்தி. நீங்களே வைங்க."

ஃபைலில் ஒட்டுவதற்குப் பசை தேடினார்கள். காய்ந்து கிடந்தது. ஊசியும் நூலும் கேட்டு வாங்கி, பாய் தைக்கிற தையலில் நானே ஃபைலோடு சேர்த்துத் தைத்தேன். "ஃபைல் மூடவே மாட்டேங்கே" என்று சிஸ்டர் சடைத்துக்கொண்டார்கள். அடுத்த நடைக்குத் தோணி ஏறினேன்.

இப்போது படம் நேராகக் கம்ப்யூட்டரில் நம் பெயருக்குக் கீழேயே போய் உட்கார்ந்துகொள்கிறதாம். நல்லது. ஆனால் சின்ன ஆஸ்பத்திரிகளில் இன்னும் கையில்தான் கொடுக்கிறார்கள். உங்கள் ஆட்கள் யாருக்காவது எடுத்தால், ஒரு பிரதி அங்கேயே அவர்கள் ஃபைலில் இருக்கட்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிறவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.