ஊசி கோர்க்கும் மூச்சு

தையல்காரிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊசியில் நூல் கோர்க்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வோம். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு துணி மடிக்கும்போதும் அப்படித்தான். மூச்சு அசைந்தால் கையும் அசையும் என்று பயம். கலியாணத்துக்கு முன்பே தைக்கத் தொடங்கியவள் நான். இப்போது தலை நரைத்துவிட்டது. பழக்கம் உடம்போடு ஊறிவிட்டது.

மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போகத் தொடங்கியது. பின்னேரமானால் கணுக்கால் வீங்கிவிடும். கிளினிக்கில் நேர்ஸ், "ரத்த ஓட்டம் காணாதுகா, உடம்ப கொஞ்சம் அசைக்கணும்" என்றார். போனில் ஒரு வீடியோ தேடிப் பிடித்தேன். சுவரில் கைவைத்துத் தண்டால், கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் மாதிரிக் குந்தி எழும்புவது. சாமான் எதுவும் வேண்டாம், உங்கள் உடம்பின் பாரமே போதும் என்று எழுதியிருந்தது. பாரத்துக்கு என்னிடம் குறைவில்லை.

என் கணவர் இரவு முழுக்க வாவியில் வலை போட்டுவிட்டு விடியத்தான் வீட்டுக்கு வருவார். நான் பயிற்சி செய்யும் நேரம்தான் அவர் கண்ணயரும் நேரம். நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலை மட்டும். அதனால் போனின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தே செய்தேன். வீடியோவில் வந்த பிள்ளை எப்போது குந்துகிறாள், எப்போது எழும்புகிறாள் என்பது தெரிந்தது. எப்போது மூச்சு விடச் சொல்கிறாள் என்பது தெரியவில்லை. எழும்பக் கஷ்டமானால் எனக்குத் தெரிந்த ஒரே வழி ஊசி கோர்க்கும் வழிதான். மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். முகம் சூடேறும், காது அடைக்கும், கண்ணுக்குப் பின்னால் இருந்து ஏதோ தள்ளும். ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தியைப் பாருங்கள்!

ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாடியைப் பார்த்தால், இடது கண்ணின் வெள்ளையில் பாதி குங்குமம் கொட்டினது போலச் சிவப்பு. நோவும் இல்லை, பூளையும் இல்லை. தன் மகளின் கலியாணச் சட்டை தைக்கத் துணி கொண்டுவந்த ஏறாவூர்ப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கண்ணோய் போல கிடக்கு அக்கா. சுகமானதும் வாறன்."

துணிப்பையையும் கையோடு கொண்டுபோய்விட்டார். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் அம்மா கண்ணுக்குள் பிரஷர் கூடி, ஒரு கண் முழுதாக இருண்டு போனவர். அந்த நினைப்புத்தான் என்னை விடவில்லை. எனக்கு இந்த உலகத்தில் பிடித்த வேலை தையல் ஒன்றுதான். கண் இல்லாமல் அதை எப்படிச் செய்வது?

என் கணவர் அன்று நித்திரை கொள்ளவில்லை. மீன் வாசத்தோடேயே மோட்டார் சைக்கிளை எடுத்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

கண் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கண்ணின் பிரஷரையும் அளந்தார். "பயப்படாதீங்க. மேலால ஓடுற சின்ன ரத்தக்குழாய் ஒண்டு வெடிச்சிருக்கு. தானா மாறிடும். பாரம் ஏதும் தூக்கினீங்களா?"

பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். மூச்சை அடக்கினேனா என்று கேட்டார். தலையாட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுமாம். தலையில் இருந்து இறங்க வேண்டிய ரத்தம் இறங்க முடியாமல் தேங்குமாம், கண்ணின் பிரஷரும் அந்த நேரம் ஏறுமாம். இப்போது அளவு சரிதான், ஆனால் அம்மாவுக்கு அந்தக் கண் வருத்தம் இருந்ததால் நான் கவனமாக இருக்க வேண்டும். எழும்பும்போது மூச்சை வெளியே விடவேண்டும்.

"மறந்துபோனா?" என்றேன்.

"கதைச்சுக்கொண்டு செய்யுங்க. கதைக்கிற ஆளால மூச்சடக்க ஏலாது."

திரும்பி வரும்போது பாலத்தில் வைத்துச் சொன்னேன். "நான் கதைச்சா உங்கட நித்திரை போயிடும். எனக்கு இந்தப் பயிற்சி வேணாம்."

பாலம் தாண்டியதும் அவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "நித்திரைய நான் மத்தியானமும் கொள்ளுவன். உன்ட கண்ண எங்க போய் வாங்குற?" என்றார். அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

அதன் பிறகு காலையில் எங்கள் வீட்டில் ஒரே கதைதான். எழும்பும் ஒவ்வொரு தடவையும் அவரைப் பற்றி ஒரு குறை சொல்வேன். இடுப்பிலிருந்து கழற்றிப் போட்ட சாரம், கழுவாத தேத்தண்ணிக் கோப்பை, குசினிக்குள் கொண்டுவந்து போட்ட ஈரவலை. குறைகளுக்குப் பஞ்சமே வரவில்லை. கண்ணின் சிவப்பு மஞ்சளாகி, பிறகு வெள்ளையானது. கணுக்கால் வீக்கமும் குறைந்தது. ஏறாவூர்ப் பெண் அதே துணிப்பையோடு திரும்பி வந்தார்.

அந்தக் கலியாணச் சட்டையின் கைக்கு எப்படி வெட்டுவது என்று ஒருநாள் யோசித்துக்கொண்டே குந்தினேன். வாய் மூடிவிட்டது. எழும்பப் போகும்போது திரைக்குப் பின்னால் இருந்து அவர் குரல் வந்தது.

"என்னகா, சத்தத்தக் காணல்ல? மூச்ச விடு."

"நீங்க இன்னும் நித்திரை கொள்ளல்லையா?"

"நீ ஏசக்குள்ள நல்ல நித்திரை. நிப்பாட்டினதும் முழிச்சிட்டன்."

மூச்சை விட்டேன். அந்த மூச்சிலேயே அவருடைய சாரத்தைப் பற்றித் தொடங்கினேன்.