சஹனில் நான்காவது இடம்

எங்கள் சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் சஹன் ஒன்றின் விளிம்பில், விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறது. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டைத்தான் எங்கள் கடற்கரை ஊர்களில் சஹன் என்போம். வீட்டில் பதினொரு சஹன்கள் இருக்கின்றன. நாடா உள்ளது இது ஒன்றுதான். என் மனைவி அதைச் சுரண்டிப் போடப் பார்க்கும் போதெல்லாம் தடுத்துவிடுகிறேன். அதை ஒட்டியவர் வியட்நாமிலிருந்து வந்த ஒரு கேமராக்காரர்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எதைக் கண்டாலும் எண்ணுவேன். எண்ணி முடித்ததும் கவலைப்படுவேன். என் தங்கை மகள் நம் ஊரிலேயே படம் எடுக்கப்போகிறேன் என்றபோது, லாரி லாரியாக ஆட்கள் வந்து இறங்குவார்கள், இவர்களை எங்கே தங்கவைப்பது என்று இரவெல்லாம் புரண்டேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து ஒரே காரில் வந்து இறங்கியவர்கள் மூன்றே பேர். இவள், கேமராக்காரர், ஒலிப்பதிவு செய்ய இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெண். படத்தைத் தொகுக்கப் போகிறவர் தைவானில் இருந்தார். ஒருவர் படத்துக்கு மற்றவர் சம்பளமில்லாமல் உழைப்பது அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. மூன்று பேரை வைத்துக்கொண்டு உலகம் பார்க்கும் படமா என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

கேமராக்காரர் மெலிந்த மனிதர். எந்த இடத்திலும் உடனே கேமராவை எடுக்கமாட்டார். முதலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கற்ற முதல் தமிழ்ச் சொல் ‘போதும்’. அதை அவர் எத்தனை முறை சொல்லியும் எங்கள் ஊரில் யாரும் காதில் வாங்கவில்லை.

கடலுக்குப் போய்த் திரும்பாத மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தகப்பனின் கதைதான் படம். கடைசிக் காட்சி ஒரு கல்யாண விருந்து. மற்ற சஹன்களில் எல்லாம் நான்கு பேர் இருக்க, தகப்பனின் சஹனில் மட்டும் மூன்று பேர். மகனின் இடம் காலி. அவ்வளவுதான் காட்சி. தகப்பனாக நடித்தவர் நிஜமாகவே மீன் பிடிக்கிற பெரியவர். தட்டு எப்போதும் ஒரே பக்கம் பார்த்து இருக்க வேண்டுமென்று, காலி இடத்துக்கு நேரே விளிம்பில் கேமராக்காரர் நாடாவை ஒட்டினார். அன்று மாலை அவருக்கு விமானம். மறுபடி அவரை வரவழைக்க என் தங்கை மகளிடம் வழியில்லை. காட்சி கிடைக்காவிட்டால் நான்கு வருட உழைப்பு முடிவில்லாத படமாக நின்றுவிடும்.

முதல் முறை எடுத்தபோது, சோறு பரிமாறிய சமையல்காரர் பழக்கதோஷத்தில் மண்டபம் அதிரக் கத்தினார்: “இங்கிட்டு ஒரு ஆளு கொறையுது! வாங்க பாய், வந்து ஒக்காருங்க!” பக்கத்தில் நின்ற ஒருவர் வந்து உட்கார்ந்தே விட்டார். எல்லோருக்கும் விளக்கிச் சொல்லி மறுபடி எடுத்தோம். இம்முறை தகப்பனாக நடித்த பெரியவரே கையாட்டி ஒருவரைக் கூப்பிட்டார். மூன்றாம் முறை, நிஜக் கல்யாணம் என்று நம்பி வந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். “மாப்பிள்ளை எங்கப்பா?” என்று வேறு கேட்டார்.

தங்கை மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “மாமா, அந்த எடத்த சும்மா விடச் சொல்லுங்க மாமா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

பெரியவர் அவளையே திருப்பிக் கேட்டார்: “மூணு பேரு ஒக்காந்த சஹன்ல எப்புடிம்மா கை வைக்கிறது? நீ வைப்பியா?”

சட்டியில் மிஞ்சியிருந்த நெய்ச்சோற்றை நான் எட்டிப் பார்த்தேன். இன்னும் ஒரு முறைக்குத்தான் வரும். வெயில் சன்னலை விட்டு விலகத் தொடங்கியிருந்தது. பெரியவர் என்ன சொன்னார் என்று கேமராக்காரர் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வழக்கம்போலக் குத்துக்காலிட்டு, நாடா ஒட்டிய பக்கத்தையே பார்த்தார். பிறகு எழுந்து கேமராவைத் தாங்கியில் இறுக்கிவிட்டு, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தார்.

சோறு வந்தது. பெரியவர் கை வைக்கவில்லை. காத்திருந்தார். மண்டபம் முழுக்கச் சாப்பிட, அந்த ஒரு சஹனில் மட்டும் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எண்ண மறந்துவிட்டேன். கடைசியில் அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். கேமராவை அல்ல, அதன் பின்னால் நின்றவரை.

“வாப்பா. சோறு ஆறுது.”

கேமராக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, கேமராவை ஓடவிட்டபடியே நடந்து போய் நாடாவுக்கு நேரே உட்கார்ந்தார். பெரியவர் நல்ல கறித்துண்டாக எடுத்து அவர் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் தன் கையை வைத்தார். நிறுத்து என்று சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. அந்த இந்தோனேசியப் பெண் கண்ணைத் துடைக்கவும் கையில்லாமல் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றாள்.

அதுவே படத்தின் முடிவானது. வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் வழக்கம் எப்படித் தெரியும், படத்தின் தொடக்கத்தில் நான்கு வரி எழுதிப் போடு என்று தங்கை மகளை நச்சரித்தேன். எழுதியும் கொடுத்தேன். “வேணாம் மாமா, அவங்களுக்கே புரியும்” என்றாள். தென்கொரியாவில் படவிழாவுக்கு என்னையும் அழைத்துப் போனாள். எண்ணூறு இருக்கைகள், ஒன்றுகூடக் காலியில்லை. பெரியவர் சோற்றைத் தொடாமல் காத்திருந்தபோது அரங்கில் ஒரு இருமல் இல்லை. கேமராக்காரர் வந்து உட்கார்ந்ததும், படம் முடிவதற்குள்ளேயே, கைதட்டல் பின்வரிசையில் தொடங்கி எங்கள் தலைக்கு மேல் வந்து விழுந்தது. விளக்கு எரிந்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நான் எழுதிக் கொடுத்த நான்கு வரி என் சட்டைப்பையிலேயே இருந்தது.

பிறகு அவள் முறை. கேமராக்காரர் இயக்கும் படத்துக்கு உழைக்க வியட்நாம் போனாள். போன மாதம் என் பேத்தியின் கல்யாணம். அதே மண்டபம். பெரியவரும் நானும் சம்பந்தியும் நாடா ஒட்டிய சஹனில் உட்கார்ந்திருந்தோம். சோறு வந்துவிட்டது, மூவரும் கை வைக்காமல் இருந்தோம். சமையல்காரர் குரல் கொடுத்தார்: “வாத்தியாரே, ஒங்க சஹன்ல ஒரு ஆளு கொறையுது!”

“வாரேன், வாரேன்” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் ஊர் இழுப்பு அப்படியே இருந்தது. தங்கை மகளுக்குப் பின்னால், தோளில் பையோடு, தொப்பியைக் கழற்றியபடி வந்துகொண்டிருந்த கேமராக்காரரின் குரல் அது. யாரும் காட்டாமலே நாடாவைப் பார்த்து உட்கார்ந்தார்.

எண்ணிப் பார்த்தேன். நான்கு. பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம்.