கிம்லியான் வீட்டுப் பூனையின் விரதம்

என் அண்ணி கிம்லியானுக்கு வார்த்தையை அளந்து பேசத் தெரியாது. தாய்லாந்தின் புக்கெட்டில் எங்கள் வீட்டு வாசலிலேயே சிப்பி வறுத்து விற்கிறாள். பேரம் பேசுகிறவனைக் கரண்டியோடு விரட்டுவாள். அண்ணன் செங்குக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது சீனக் கோயில் வாசலில் விழுந்து, "அவரை உசுரோட குடு. இந்த வருஷச் சைவத் திருவிழாவுல என் வீட்டுல வாயிருக்கிற எதுவும் கவுச்சி தொடாது" என்று வேண்டிக்கொண்டாள். அண்ணன் பிழைத்து வந்தார்.

ஒன்பது நாள் திருவிழா தொடங்கி நாங்கள் வெள்ளை உடுத்திய அன்று, அண்ணி வளர்க்கும் பூனை வந்து மீன் கேட்டுக் கத்தியது. அண்ணியின் முகம் செத்துவிட்டது.

"பூனைக்கெல்லாமா விரதம்? சாமியே சிரிக்கும் அண்ணி" என்றேன்.

"நான் மனுஷங்கன்னு சொல்லலையேடி. வாயின்னுல்ல சொன்னேன்!"

கோயில் பூசாரியும் பூனையை விட்டுவிடத்தான் சொன்னார். கேட்டால்தானே? "அவருக்கென்ன, போனா என் புருஷன் உசுருதானே போகும்" என்று திரும்பி வந்துவிட்டாள்.

பூனையைத் தூக்கிக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினோம். மஞ்சள் பூசணியை உப்பில்லாமல் வேகவைத்து, மசித்து, ஒரு ஸ்பூன் தரலாம். வெங்காயமும் பூண்டும் விஷம், கிட்டேயே காட்டாதீர்கள் என்றார். அண்ணிக்கு வாயெல்லாம் பல். விரதச் சமையலில் அவை இரண்டும் ஆகவே ஆகாதே!

"பூசணி தொட்டுக்கிறதுக்குத்தாம்மா. மீனோ கறியோ இல்லாம பூனை பிழைக்காது. பட்டினி கிடந்தா ஈரலே போயிடும்" என்று டாக்டர் முடித்தார். அண்ணி பூனையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பூசணி வைத்தாள், கேரட் வைத்தாள். பூனை முகர்ந்துவிட்டு அவளையே பார்த்தது. மூன்றாம் நாள் அதற்கு எழுந்து வரவும் தெம்பில்லை. ஒருபக்கம் மாத்திரையும் கையுமாக அண்ணன், ஒருபக்கம் சுருண்டு கிடக்கும் பூனை. எந்தப் பக்கம் போவாள்? அந்தச் சாமிகள் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

கடைசியில் பூனையை எதிர்வீட்டு ரொஹானியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரொஹானி முஸ்லிம், எங்கள் விரதம் அவள் வீட்டுக்கு இல்லை.

"திருவிழா முடியட்டும்க்கா, வந்து தூக்கிட்டுப் போங்க" என்றாள் ரொஹானி.

"இல்லம்மா. குடுத்துட்டுத் திரும்ப வாங்குனா சாமியை ஏமாத்துன மாதிரி. இனி இது உன் பூனை."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். ரொஹானி மீனை அவித்து முள்ளெடுத்து ஊட்டியதில் பூனை தேறிக்கொண்டது.

திருவிழா முடிந்தது. அண்ணி மறுபடி சிப்பி வறுக்க அடுப்பு மூட்டினாள். அந்த வாசனைக்குப் பூனை தெருவைக் கடந்து ஓடி வந்தது. அண்ணி அதைவிட வேகமாக வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். வெளியே பூனை கதவைப் பிறாண்டிப் பிறாண்டிக் கத்தியது.

"திறந்து விடுடி! எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் அண்ணன்.

"நீங்க சத்தம் போடாதீங்க. நெஞ்சு வலிக்கப் போகுது" என்றவள், கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து அழுதாள். வெளியே அது பிறாண்டி ஓயும்வரை எழவே இல்லை.