வலது பக்கம் தட்டியது யார்?

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். வாதாட எனக்குத் தெம்பில்லை. இது பட்டப்பகலில் எனக்கு நடந்தது.

அண்டார்டிகாவில் எங்கள் அர்ஜென்டினா முகாமுக்குப் போய்வரும் சிறு விமானத்தின் மெக்கானிக் நான். சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குப் பலகைகள். சற்று நேரம் நின்றாலே பனியோடு ஒட்டிக்கொள்ளும். கிளம்பும் முன் மரச்சுத்தியால் இரண்டையும் தட்டி விடுவிக்க வேண்டும். பிறகு வாலில் மூன்று தட்டு. பைலட்டுக்கு அதுதான் 'சரி'.

அன்று முகாமைக் காலி செய்தோம். மூன்றாவது நடை. முகாம் தலைவி இனேஸ் மட்டும்தான் பாக்கி. போய்ப் பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். குடல்வால் வெடித்துவிடுமோ என்று பயம். விமானத் தரையில் படுக்க வைத்தோம்.

"இன்னைக்குள்ள போய்டுவோமா?" என்றாள்.

"போட்ட டீ ஆறதுக்குள்ள போய்டுவோம்" என்றார் பைலட் பாசுவால்டோ. பிறகு என்னைப் பார்த்து, "சீக்கிரம்யா இபார்ரா!"

மணி 3:52. இடது பலகையைத் தட்டி முடித்தேன். தோள் செத்துப்போயிருந்தது. அப்போது வலது பக்கம்...

டொக்... டொக்... டொக்...

பாசுவால்டோ இறங்கி உதவுகிறார், புண்ணியவான் என்று நினைத்தேன். வாலிலும் மூன்று தட்டு கேட்டது. உள்ளே ஏறினேன்.

பாசுவால்டோ இருக்கையில் இருந்தார். பெல்ட் போட்டபடி.

வாய் திறப்பதற்குள் என்ஜின் அலறியது.

3:58. இடது பலகை நகர்ந்தது. வலது நகரவில்லை. விமானம் சுழன்று, இறக்கை பனியில் குத்தியது.

"வலதைத் தட்டுனியா இல்லையாய்யா?"

"நான் தட்டல கேப்டன். நீங்கன்னு நெனச்சேன்."

"நான் எழுந்திருக்கவே இல்லையே..."

இனேஸ் முனகினாள். "கீழேருந்து கேட்டுச்சு..."

இறங்கிப் பார்த்தேன். வலது பக்கம் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

டொக்...

காலுக்கு அடியில்.

பதினோரு மணி நேரம் கழித்துத்தான் மீட்பு விமானம் வந்தது. இனேஸ் பிழைத்துக்கொண்டாள். அதைக் கேட்டு அழுதுவிட்டேன். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பாவம் என்னுடையதுதான்.

மூன்றாம் நாள் வலது பலகையைத் தோண்டி எடுத்தோம். இரண்டடி ஆழத்தில், இறுகிய பனிக்கட்டிக்குள், பழைய தோல் கையுறை ஒன்று. அதற்குள் விரல்கள். அதன் பிடியில் ஒரு மரச்சுத்தி.

முகாமின் பழைய பதிவேட்டைப் புரட்டினோம்: 1986-இல் இதே இடத்தில் ஒரு மெக்கானிக் வாலில் மூன்று தட்டு தட்டியிருக்கிறான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்து பைலட் விமானத்தைக் கிளப்பிவிட்டார். திரும்பி வந்தபோது ஆளைக் காணோம்.

பனிக்கட்டியில் கீறல்கூட இல்லை. ஆனால் அந்தச் சுத்தியின் முகத்தில் ஆரஞ்சு பெயிண்ட் ஒட்டியிருந்தது.

எங்கள் பலகைகளுக்கு ஆரஞ்சு பெயிண்ட் அடித்தது போன மாதம். அடித்தவன் நான்தான்.