அப்பாவின் பல் செட்டு

எவர்சில்வர் டம்ளருக்குள் பல் செட்டு விழும் ‘டிணுக்’ என்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மர்பி டவுனில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். விடிந்தால் யாராவது தூக்கக் கலக்கத்தில் அந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்கப் போய் அலறுவார்கள்.

அப்பா நாடக நடிகர். ஆரம்பத்தில் கதாநாயகனின் நண்பனாக வருவார், ஒருவரும் கவனித்ததில்லை. தொம்மலூர்த் திருவிழாவில் மேடைப் பலகை உடைந்து விழுந்ததில் முன்பல் நான்கும் போயின. மறுநாளே காற்றுப் போகும் வாயோடு வந்து வசனம் பேச, கூட்டம் புரண்டு புரண்டு சிரித்தது. அதிலிருந்து அவர் ‘பொக்கை ரங்கன்’. சினிமாவிலும் கூப்பிட்டார்கள், அறை வாங்கும் சமையல்காரன், மாடு முட்டித் தள்ளும் தரகன் என்று தமிழிலும் கன்னடத்திலும் சின்னச் சின்ன வேடங்கள். படப்பிடிப்பு இருந்தால் சோறு, இல்லாவிட்டால் கஞ்சி. நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியதும் ஒரு கஞ்சி மாதத்தில்தான்.

கோமதி அக்காவைப் பெண் பார்க்க வந்த முதல் இடத்தார், “கூத்தாடி வூட்டுப் பொண்ணு வேணாம்” என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா அழவில்லை. அப்பாவை இழுத்துக்கொண்டு போய்ப் பல் செட்டு கட்டவைத்தாள். அடுத்து ஜீவனஹள்ளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, “பல்ல மாட்டிக்கினு சும்மா குந்து. எதுனா கேட்டா தலைய மட்டும் ஆட்டு” என்று உத்தரவு போட்டாள்.

அப்பா தாசில்தாரைப் போல உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா அவரையே உற்றுப் பார்த்தார், பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

“ஏம்மா, பொக்கை ரங்கன் வூடுன்னு தரகரு சொன்னாரேன்னு ஆசையா வந்தோம். இவரு யாரு? பொண்ணோட அப்பா எங்க?”

“இவருதாங்க” என்றாள் அம்மா.

“ரங்கனோட எத்தினி நாடகம் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆள் மாத்தி குந்த வெச்சா சம்பந்தம் எப்படிம்மா செய்யறது?” என்று எழுந்து செருப்பைத் தேடினார்.

திரைக்குப் பின்னால் அக்கா என் கையை நகம் பதிய இறுக்கினாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார், டிணுக். திரும்பி வந்து, பாதிச் சொல் காற்றாகப் போகும் அந்தக் குரலில், “ஸ்வல்ப குந்துங்க சம்பந்தி, பஜ்ஜி ஆறிப்போவுது” என்றார்.

அவ்வளவுதான். செருப்பை ஒரு காலில் மட்டும் மாட்டியிருந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பில் புரையேறி, கைக்கு அகப்பட்ட டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார். எந்த டம்ளர் என்று நாங்கள் சொல்வதற்குள் பாதி காலியாகிவிட்டது. உதட்டில் ஏதோ தட்டியதும் உள்ளே எட்டிப் பார்த்தார். டம்ளரை மெல்லக் கீழே வைத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

“சரி” என்றார். “இதுக்கு மேல நாம ஒரே குடும்பம்தான்.”

கல்யாணத்தன்று போட்டோவுக்கு மட்டும் அம்மா விடாப்பிடியாக அந்தப் பல்லை மாட்டவைத்தாள். பிறகு அப்பா அதைத் தொடவே இல்லை.

லாரி, கேன்டீன், கல் குவாரி என்று நான் ஊர் சுற்றிவிட்டு எப்போதாவது வருகிறேன். அப்பா இல்லை; நாடகம் நடந்த மைதானத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அவர் நடித்த படங்களில் ஒன்றுகூடத் தேடிக் கிடைக்கவில்லை. அக்கா வீட்டுச் சுவரில் அந்தக் கல்யாணப் போட்டோ மட்டும் இருக்கிறது, மாலைக்கு நடுவே முப்பத்திரண்டு பல்லும் தெரிய. அதன் எதிரே நிற்கும்போதெல்லாம் எனக்கும் அதே கேள்விதான் வாய்வரை வருகிறது: இவர் யார், பொண்ணோட அப்பா எங்கே?